பெயரைச் சூழ்ந்த தூதர்கள்

ரோம் நகரின் ஜேசு ஆலயத்தில் 1676 முதல் 1679 வரை ஜொவான்னி பத்தீஸ்தா கவுல்லி தீட்டிய கூரை ஓவியத்தின் நடுவே கடவுளின் உருவம் கிடையாது. பேரொளிக்குள் ஐ.எச்.எஸ். என்ற மூன்றெழுத்துதான் இருக்கிறது: இயேசுவின் பெயர்ச் சுருக்கம், இயேசு சபையின் சின்னம். சுற்றியுள்ள வானதூதர்கள் வெறும் அலங்காரம் என்பார்கள் சிலர். அந்த ஓவியம் பேசுவதே அவர்கள் வழியாகத்தான் என்பேன். எழுத்தை ஒட்டியிருப்பவர்கள் வெளிர் மஞ்சளில் கரைந்து, உடல் எங்கே முடிகிறது, ஒளி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் நிற்கிறார்கள். விலக விலகத் தோலில் நிறம் ஏறுகிறது, துணியில் மடிப்பு விழுகிறது, உடல் கனக்கிறது. கடைசியில் பாவிகள் இருண்டுபோய், ஓவியத்தின் சட்டகத்தையும் தாண்டிக் கீழே சரிகிறார்கள். அவர்களுடைய நிழலைப் பொன்முலாம் பூசிய கூரையின் மேலேயே கருமையாகப் படரவிட்டிருக்கிறார் கவுல்லி. எவ்வளவு அழகான துணிச்சல்!

இதெல்லாம் கண்கட்டு வித்தை, பக்திக்கு நாடகம் எதற்கு என்று கேட்கலாம். பிலிப்பியருக்குப் பவுல் எழுதிய திருமுகத்தில் இதற்கு விடை இருக்கிறது. அந்தப் பெயருக்கு விண்ணிலும் மண்ணிலும் கீழுலகிலும் உள்ளோர் எல்லாரும் மண்டியிட வேண்டும் என்கிறது அது. அப்படியானால் ஓவியம் சட்டகத்துக்குள் அடங்கிவிடக் கூடாது. அடங்கினால் கீழே நிற்பவருக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதனால்தான் சன்னல்களின் அருகே அந்தோனியோ ராஜ்ஜி சுதையில் வடித்த தூதர்களும் தேவைப்படுகிறார்கள். அவர்கள் மேல் விழுவது தீட்டிய ஒளியல்ல, அன்றாடம் ரோமில் அடிக்கும் வெயில்.