முதலியார் இல்லாத சபாபதி

ஒரே பெயரில் இரண்டு ஆள். ஒருவர் சபாபதி முதலியார். இன்னொருத்தன் வெறும் சபாபதி, அவர் வீட்டு வேலைக்காரன். 1941 டிசம்பரில் வெளிவந்த ‘சபாபதி’ படத்தின் சிரிப்பு இந்த ‘வெறும்’ என்பதற்குள்தான் கிடக்கிறது. ஏ.வி.மெய்யப்பனும் ஏ.டி.கிருஷ்ணசாமியும் சேர்ந்து இயக்கியது. முழுநீள நகைச்சுவைப் படங்களுக்கு முன்னோடி என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். யாரைப் பார்த்து யார் சிரித்தார்கள் என்று கேட்பதில்லை.

எங்கள் தேரிக்காட்டுப் பக்கம் பண்ணையார் பேரை வேலையாள் வைத்துக்கொள்வதெல்லாம் லேசுப்பட்ட காரியமில்லை. மாடசாமி என்று வைத்தாலும் ‘சாமி’யை வெட்டிவிட்டு ‘ஏல மாடா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆக, ஒரே பெயர் என்பதே ஒரு கலகம். பிரதி இதை அனுமதித்த கையோடு அடக்கியும் விடுகிறது. எஜமான் அசடு, வேலைக்காரன் அவரைவிடப் பெரிய அசடு. எஜமானுக்காவது படித்த பெண்டாட்டி வாய்த்து, அவள் தயவில் பரீட்சை தேறுகிறார். இவனுக்குத் தேறுவதற்கு என்ன இருக்கிறது?

வெள்ளைக்காரன் கதை வேறு மாதிரி. வுட்ஹவுஸின் ஜீவ்ஸ் எஜமானைவிடப் புத்திசாலி (ஆனாலும் கடைசிவரை வேலைக்காரன்தான், அது வேறு சூழ்ச்சி). 1949இல் வந்த ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் காரனெட்ஸ்’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு பிரபுக் குடும்பத்தின் எட்டுப் பேராகவும் அலெக் கின்னஸ் ஒருவரே வருகிறார். குடும்பம் ஒதுக்கிவைத்தவளின் மகன் அவர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறான், பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். பிரபு சாகச் சாகச் சிரிப்பு. நமக்கு வேலைக்காரன் திட்டு வாங்க வாங்கச் சிரிப்பு.

மூல நாடகம் பம்மல் சம்பந்த முதலியாருடையது. 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர், பிறகு ஸ்மால் காஸ் கோர்ட் நீதிபதி. சபா நாடகம் என்பது வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் பொழுதுக்கு நடித்தது. வயிற்றுக்காக நடித்தவர்கள் கம்பெனிக்காரர்கள். தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் வழி வந்த கூட்டம். படத்தில் வேலைக்காரனாக வரும் காளி என்.ரத்னம் இந்த இரண்டாவது உலகத்து ஆள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வாத்தியார், எம்.ஜி.ஆருக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்தவர். காளி வேஷம் கட்டியே பெயரில் காளி ஒட்டிக்கொண்டது. சபாக்காரர் எழுதிய அசட்டு வேலைக்காரனைக் கம்பெனி நடிகர் என்ன செய்கிறார் என்பதில்தான் படம் இன்றைக்கும் உயிரோடிருக்கிறது. ரத்னம் சொன்னதைச் சொன்னபடியே செய்கிறார். ஒரு எழுத்துக் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. ஏவலை அப்படியே நிறைவேற்றினால் ஏவியவன்தான் மூக்குடைபடுவான். இதை மடத்தனம் என்று பிரதி சொல்லிக்கொண்டே போகிறது. ரத்னத்தின் உடம்பு அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. தன்னைவிட வயதில் எவ்வளவோ மூத்தவரை டி.ஆர்.ராமச்சந்திரன் ‘டேய்’ என்று கூப்பிடுவது யாருக்கும் உறுத்தவில்லை. இன்றைக்கு மட்டும் உறுத்துகிறதா? பண்ணையார் வீட்டுச் சின்னப்பையன் கிழவனைப் பேர்சொல்லிக் கூப்பிட்ட ஊர்கள் எத்தனை என்று நமக்குத் தெரியும்.

இன்னொரு ஆள் மிச்சமிருக்கிறார். கே.சாரங்கபாணி நடித்த தமிழ் வாத்தியார். மாணவர்கள் கேலிக்கென்றே படைக்கப்பட்டவர். தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு இது குத்துகிறது என்பதை மறைக்கவில்லை. 1938இல் இந்தியை எதிர்த்துச் சிறைக்குப் போனார்கள். 1939இல் நடராசனும் தாளமுத்துவும் செத்தார்கள். இரண்டே வருஷத்தில் தியேட்டரில் தமிழ் வாத்தியார் சிரிப்புப் பொருள். முரணாகத் தெரியலாம். மொழிக்குக் கோயில் கட்டியவர்களும் அதைச் சோற்றுக்காகச் சொல்லிக்கொடுத்தவனை வாசலில்தானே நிறுத்தியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ்தான் முதலியார். தமிழ் வெறும் சபாபதி. அந்த வாத்தியார் எண்பது வருஷத்துக்கு மேலாகியும் குடையும் துண்டுமாக நம் சினிமாவில் அடிவாங்கிக்கொண்டிருக்கிறார். அவரை எழுதுகிறவர்களில் தமிழ் படித்தவர்களும் உண்டு.