கோல் விழாத ஐந்து ஆட்டங்கள்: ஆர்சனலின் 2023-24

2023 ஆகஸ்ட் 26 அன்று எமிரேட்ஸ் மைதானத்தில் ஆர்சனல் 2-1 என்று முன்னிலையில் இருந்தது. எதிரே ஃபுல்ஹாம், அதுவும் சிவப்பு அட்டை வாங்கிப் பத்துப் பேராகக் குறைந்திருந்த ஃபுல்ஹாம். 87ஆவது நிமிடத்தில் ஜோவோ பலீன்யா கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தார். சீசனின் மூன்றாவது ஆட்டம்தானே என்று பலரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மே மாதம் கணக்கு முடிந்தபோது மான்செஸ்டர் சிட்டி 91 புள்ளி, ஆர்சனல் 89. கோல் வித்தியாசம் இரண்டுக்கும் 62. பலீன்யாவின் அந்த ஒரு கோலை மட்டும் அழித்துப் பாருங்கள்: புள்ளிகள் 91-91, கோல் வித்தியாசம் 63-62, இருபது ஆண்டுக்குப் பின் பட்டம் ஆர்சனலுக்கு.

மற்ற 37 ஆட்டங்களையும் இருந்தபடியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் திருத்துவது ரசிகனுக்கு ஆறுதல் தரலாம், திறனாய்வுக்கு ஆதாரமாகாது. ஆனாலும் இந்தக் கணக்குக்கு ஒரு பயன் உண்டு. பட்டம் ஏப்ரலில் கைநழுவியது என்று நாம் பழகிப்போன கதையிலிருந்து அது நம் பார்வையை ஆகஸ்டுக்குத் திருப்புகிறது. ஏப்ரல் 14 அன்று ஆஸ்டன் வில்லாவிடம் சொந்த மண்ணில் 0-2 என்று தோற்றதைத்தான் ஆர்சனல்காரர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். 2024 பிறந்த பிறகு ஆடிய 18 லீக் ஆட்டங்களில் 16 வெற்றி, ஒரு டிரா, ஒரு தோல்வி. 54 புள்ளிக்கு 49. போட்டது 54 கோல், வாங்கியது 9. அந்த ஒரே தோல்விக்குப் பின் வந்த ஆறு ஆட்டங்களிலும் அணி வென்றது. இப்படி ஓடிய அணியிடம் இன்னும் ஏன் ஓடவில்லை என்று கேட்பது நியாயமான மதிப்பீடு ஆகாது. கேட்க வேண்டிய இடம் அதற்கு முந்திய பாதி: 20 ஆட்டம், 40 புள்ளி, 37 கோல், வாங்கியது 20. அந்தப் பாதியை ஆடிய அணி நான்காம் இடத்துக்கு உரிய அணி. ஆண்டு முடிவில் அது இருந்ததும் நான்காம் இடத்தில்தான்.

பயிற்சியாளர் மிகெல் ஆர்டெட்டாவின் முறைமையை அதன் தோற்றத்திலிருந்து பார்த்தால்தான் அந்த 40 புள்ளி விளங்கும். 2022-23இல் இதே அணி நெடுநாள் முதலிடத்தில் இருந்து, வில்லியம் சலிபா காயம்பட்டதும் சரிந்தது. அந்தச் சீசனில் வாங்கியது 43 கோல். அதிலிருந்து பயிற்சியாளர் எடுத்த முடிவு தெளிவானது: ஆட்டத்தின் கட்டுப்பாடு எந்நேரமும் நம் கையில் இருக்க வேண்டும். பத்து கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து டெக்லன் ரைஸ் வந்தார். சுமார் ஆறரைக் கோடிக்குக் காய் ஹாவெர்ட்ஸ் வந்தார். இடது பக்கத்தில் இறக்கப்பட்ட யூரியன் டிம்பர் முதல் லீக் ஆட்டத்திலேயே முழங்கால் போய்ப் படுத்தார். நோய் சரியாகக் கண்டறியப்பட்டது என்பதில் ஐயமில்லை. 43 கோல் 29 ஆகக் குறைந்ததே சான்று. ஆனால் மருந்தின் அளவு மிஞ்சியது. முதல் மூன்று ஆட்டங்களில், அணியின் நம்பகமான தடுப்பாட்டக்காரர் கேப்ரியல் மகல்யாஸ் பெஞ்சில் உட்கார்ந்தார். நடுக்கள வீரரான தாமஸ் பார்ட்டி வலப்பக்கத் தடுப்பாளராக இறங்கி, பந்து அணியிடம் வந்ததும் நடுவே நகர்ந்தார். சிந்தனையாக அது நேர்த்தியானது. களத்தில் அது பலீன்யாவின் கோலில் முடிந்தது.

இதைவிடப் பெரிய சேதம் இடது பக்கத்தில் நடந்தது. முந்தைய சீசனில் கிரானிட் ஷாக்கா, கேப்ரியல் மார்ட்டினெல்லி, ஒலெக்சாண்டர் சின்சென்கோ மூவரும் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் புகுந்து ஆடிய ஒத்திசைவு அந்த அணியின் உயிர்நாடி. லீக்கில் மார்ட்டினெல்லி 15 கோல், ஷாக்கா 7. ஷாக்கா லெவர்குசனுக்குப் போனார். போன இடத்தில் ஒரு தோல்வியும் இல்லாமல் ஜெர்மன் லீக்கையும் வென்றார். அவர் நின்ற இடத்தில் ஹாவெர்ட்ஸ் நிறுத்தப்பட்டார். உயரம், தலை, பெட்டிக்குள் தாமதமாக நுழையும் சாமர்த்தியம் எல்லாம் அவரிடம் உண்டு. ஆனால் பந்தை வாங்கித் திரும்பி மார்ட்டினெல்லியின் ஓட்டத்துக்கு முன்னால் வைக்கும் கை அவருடையதல்ல. மார்ட்டினெல்லியின் கணக்கு 6 கோலில் நின்றது. போர்ன்மத்தில் அணி முன்னிலையில் இருந்தபோது கிடைத்த பெனால்ட்டியைச் சக வீரர்கள் ஹாவெர்ட்ஸிடம் கொடுத்து அடிக்க வைத்தார்கள். ஆர்சனலுக்கு அவர் போட்ட முதல் கோல் அது. தோழமையாகப் பார்த்தால் மனம் நெகிழும். ஆறரைக் கோடி பவுண்டு ஆட்டக்காரரைக் குறித்த மதிப்பீடாகப் பார்த்தால் நெளிய வேண்டியிருக்கும்.

டிசம்பர் 28, வெஸ்ட் ஹாம். அந்தப் பாதியின் குறைகள் அத்தனையும் ஒரே இரவில் கண்ணுக்குத் தெரிந்தன. முதல் கோலுக்கு முன் பந்து எல்லைக் கோட்டைத் தாண்டியதா என்று காணொளி நடுவருக்கே தீர்மானிக்க முடியவில்லை. சூசெக் போட்ட கோல் நின்றது. இரண்டாவதை, ஒரு காலத்தில் ஆர்சனலில் இருந்த மாவ்ரோபனோஸ் கார்னரில் தலையால் முட்டினார். ஆர்சனல் அடித்தது 30 ஷாட், கோல் ஒன்றுமில்லை. புக்காயோ சாக்காவிடம் பந்து போகும், அவர் மேல் இருவர் விழுவார்கள், பந்து பின்னால் வரும், மறுபக்கம் போகும், அங்கிருந்து ஒரு கிராஸ், மாவ்ரோபனோஸின் தலை. மறுபடி முதலிலிருந்து. பந்து நம்மிடமே இருந்தது என்பதில் குறையில்லை. பெட்டிக்குள் அதை முடித்துவைக்கப் பிறந்த ஆள் இல்லை என்பதுதான் குறை. மூன்று நாள் கழித்து ஃபுல்ஹாமில் 1-2. கிறிஸ்துமஸுக்கு முன் லிவர்பூலில் கிடைத்த 1-1ஐயும் சேர்த்தால் மூன்று ஆட்டத்தில் ஒரே புள்ளி. சீசன் தோற்ற வாரம் இது.

நடுவர்கள்மேல் பழி போடுபவர்கள் நவம்பர் மாத நியூகாசில் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். ஆந்தனி கார்டனின் கோலை மூன்று காரணங்களுக்காகச் சோதித்துவிட்டு அனுமதித்தார்கள். எனக்கும் அந்தத் தீர்ப்பு ஒப்பவில்லை. ஆனால் அந்தக் கோல் செல்லாமல் போயிருந்தால் 0-0. அதைத் தாண்டி வெல்வதற்கான எந்த வழியையும் ஆர்சனல் அன்று காட்டவில்லை.

கோல்கீப்பர் விவகாரத்தில் முடிவு சரி, அதை நிறைவேற்றிய விதம் சரியில்லை. ஆரன் ராம்ஸ்டேலை ஒதுக்கி டேவிட் ராயாவைக் கொண்டுவந்ததை ஏதோ இருவரும் சமம் என்பதுபோல் மழுப்பி, வாரக்கணக்கில் இருவரையும் பதற்றத்தில் வைத்தார்கள். ராயா 16 லீக் ஆட்டங்களில் கோல் விடாமல் தங்கக் கையுறை விருது பெற்றார். சாம்பியன்ஸ் லீக்கில் போர்ட்டோவுடனான பெனால்ட்டி சுற்றில் அணியைக் காப்பாற்றினார். விவாதம் அதோடு முடிந்தது.

ஜனவரியில் பயிற்சி முகாமுக்குத் துபாய் போய்வந்த அணி வேறாக இருந்தது. மாற்றம் சிறியது, விளைவு பெரியது. ஹாவெர்ட்ஸ் முன்னே போனார், ரைஸ் அவர் விட்ட இடத்துக்கு ஏறினார், பின்னால் ஜோர்ஜின்யோ பந்தைப் பங்கிட்டார். பிப்ரவரி 4 அன்று லிவர்பூலை 3-1 என்று வென்ற ஆட்டத்தில் ஜோர்ஜின்யோ ஆடியது, வேகமில்லாத ஒருவர் வேகமான ஆட்டத்தை எப்படி நடத்தலாம் என்பதற்குப் பாடம். பிறகு வெஸ்ட் ஹாமில் 6-0, பர்ன்லியில் 5-0, ஷெஃபீல்டில் 6-0. வெளியூரில் அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களை ஐந்து கோலோ அதற்கு மேலோ வித்தியாசத்தில் வென்ற முதல் அணி, இங்கிலாந்தின் உயர்நிலை லீக் வரலாற்றில், இதுதான். சலிபா 38 ஆட்டங்களிலும் ஒரு நிமிடம்கூட வெளியே போகவில்லை.

கார்னர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அழகியல் பேசுபவர்கள் இவற்றை இரண்டாந்தரக் கோல்கள் என்கிறார்கள், நான் உடன்படவில்லை. செட்-பீஸ் பயிற்சியாளர் நிக்கோலா ஜோவர் வகுத்த அமைப்பில் பென் ஒயிட் எதிரணிக் கோல்கீப்பரின் மூச்சுபடும் தூரத்தில் நிற்பார். கையுறையைப் பிடித்து இழுப்பதுபோல் ஏதோ செய்துகொண்டிருப்பார். மற்றவர்கள் தொலைவான கம்பத்தருகே கூட்டமாக நின்று, பந்து கிளம்பியதும் கலைந்து ஓடி வருவார்கள். நடுவே திறக்கும் ஒரு கெஜ இடத்துக்குள் கேப்ரியல் தலையோடு வருவார். லீக்கில் 16 கோல் கார்னரில் வந்தன. அதில் தற்செயல் என்று ஒன்றுமில்லை. இந்த அணியின் முறைமை மிக முழுமையாகக் கைகூடிய இடமே இதுதான். ஏப்ரலில் டாட்டன்ஹாம் மண்ணில் பாதி நேரத்துக்குள் 3-0 என்று போனதற்கு அடித்தளமும் கார்னர்களே. அதே ஆட்டத்தில் ராயா பந்தை நேராக ரொமேரோவின் காலில் கொடுத்ததும், ரைஸ் பெனால்ட்டி கொடுத்ததும், கடைசிப் பத்து நிமிடம் 3-2 என்று நடுங்கியதும் உண்டு.

மார்ச் 31 அன்று சிட்டியின் எதிஹாத் மைதானத்தில் 0-0. பலர் இதைக் கோழைத்தனம் என்றார்கள். 2021க்குப் பிறகு சிட்டி தன் மைதானத்தில் கோல் போடாமல் முடித்த முதல் ஆட்டம் அது. ஹாலண்டை சலிபாவும் கேப்ரியலும் கட்டிப்போட்ட விதம் தடுப்பாட்டக் கலையின் உச்சம். முந்தைய ஏப்ரலில் இதே இடத்தில் 1-4 என்று நொறுங்கிய அணி, ஓராண்டில் இதைக் கற்றுக்கொண்டதைப் புகழாமல் இருக்க முடியாது. ஆனால் கடைசி இருபது நிமிடத்தில் சிட்டியின் முதுகுப் பக்கம் திறந்து கிடந்தபோது, எதிர்த்தாக்குதலுக்கு ஆர்சனல் அனுப்பியது ஓரிருவரைத்தான். அன்றைய ஒரு புள்ளி லிவர்பூலை முதலிடத்தில் உட்கார வைத்தது. சிட்டி அதன்பின் எஞ்சிய ஒன்பது ஆட்டங்களையும் வென்றது. புள்ளிப் பட்டியலில் சிட்டிக்கு முன்னே இருந்ததால் டிரா போதும் என்று ஆர்டெட்டா நினைத்தது தர்க்கப் பிழையல்ல. சிட்டி இனி புள்ளி விடும் என்று எதிர்பார்த்ததுதான் பிழை.

போட்டியாளர்களில் எனக்கு மதிப்பு அதிகமானது வில்லாமேல். டிசம்பரில் நான்கே நாளில் சிட்டியையும் ஆர்சனலையும் ஒவ்வொரு கோலில் வீழ்த்திய உனாய் எமெரி, 2019இல் ஆர்சனல் வெளியேற்றிய பயிற்சியாளர். ஏப்ரல் ஆட்டத்தில் முதல் பாதியை எமிலியானோ மார்ட்டினஸின் கைகளாலும் கொஞ்சம் அதிர்ஷ்டத்தாலும் தாண்டிவிட்டு, இரண்டாம் பாதியில் காத்திருந்து, கடைசி ஏழு நிமிடத்துக்குள் இரண்டு அடித்தார்கள். அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. இரண்டு ஆட்டத்திலும் ஆர்சனலுக்கு ஒரு கோல்கூட விடாதவர்கள் அவர்கள். லிவர்பூல் வேறு வகை. பயிற்சியாளர் கிளாப் விடைபெறும் சீசனின் உணர்ச்சி அவர்களை மார்ச் வரை தூக்கிச் சென்றது, ஏப்ரலில் கைவிட்டது. டாட்டன்ஹாம் முதல் பத்து ஆட்டத்தில் தோற்காமல் முதலிடத்தில் நின்று, ஐந்தாமிடத்தில் முடித்தது. துணிச்சல் இருந்தது, நிதானம் இல்லை.

மே 14 அன்று அந்த டாட்டன்ஹாம் சிட்டியைத் தடுக்க வேண்டும் என்று ஆர்சனல்காரர்கள் வேண்டிக்கொண்டார்கள். டாட்டன்ஹாம் ரசிகர்களிலேயே ஒரு பகுதி தங்கள் அணி தோற்பதைக் கொண்டாடியது; ஆர்சனல் பட்டம் வெல்வதைவிட அது அவர்களுக்கு மேல். 0-1 என்றிருக்கையில் 86ஆவது நிமிடத்தில் சோன் தனியாக ஓடினார். எதிரே மாற்று கோல்கீப்பர் ஒர்டேகா. காலை நீட்டித் தடுத்தார். அந்த ரசிகர்களின் மனநிலையைக் கண்டு டாட்டன்ஹாமின் அன்றைய பயிற்சியாளர் போஸ்டகோக்லு பொருமியது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு பரம்பரை எதிரியின் மனசாட்சியை நம்பிப் பட்டம் காத்திருந்தது என்றால், அந்தக் குறை அவர்களுடையதல்ல.

சிட்டியைப் பற்றிச் சொல்லும்போது 2023 பிப்ரவரியில் லீக் அதன்மேல் சுமத்திய நிதி விதிமீறல் குற்றச்சாட்டுகளை விட்டுவிட முடியாது. சிட்டி அவற்றை மறுத்திருக்கிறது. அதைத் தீர்மானிக்க ஆணையம் இருக்கிறது. ஆட்டத்தின் தரத்தை எடைபோட அதை நான் கருவியாக்க மாட்டேன். தவிர, ஒரே கோடையில் இருபது கோடி பவுண்டுக்கு மேல் ஆள் வாங்கிய கிளப்பின் ரசிகன் பணத்தைக் காரணம் காட்டுவதில் சங்கடம் உண்டு. களத்தில் தெரிந்த வேறுபாடு எளியது. சிட்டிக்கும் 28 வெற்றி, நமக்கும் 28. சிட்டி சரியாக ஆடாத நாளில் டிரா செய்தது, ஏழு முறை. ஆர்சனல் சரியாக ஆடாத நாளில் தோற்றது, ஐந்து முறை. அந்த ஐந்தில் நான்கில் கோல் இல்லை. எதிஹாதையும் சேர்த்தால் கோல் விழாத ஆட்டம் ஐந்து. 91 கோல் போட்டு பிரிமியர் லீக்கில் கிளப்பின் புதிய சாதனையைப் படைத்த அணி, அந்தச் சராசரிக்குள் இந்த ஐந்தை ஒளித்துவைத்திருந்தது. சாக்கா 16, ஹாவெர்ட்ஸ் 13, ட்ரொசார்ட் 12 என்று பங்கிட்டுப் போட்டது பெருமைதான். ஆட்டம் இறுகிப்போன நாளில் ஒற்றைப் பந்தில் பூட்டை உடைக்கும் ஸ்ட்ரைக்கர் இல்லாததன் விலையும் அதுவே. சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் மியூனிக்கில் பயெர்னிடம் 0-1 என்று வெளியேறியபோதும் இதே பட்டியலில் இன்னொரு வரி சேர்ந்தது.

இனி பிரிமியர் லீக் காலத்து ஆர்சனல் அணிகளின் வரிசை. ஒரு தோல்வியும் இல்லாமல் 90 புள்ளி எடுத்த 2003-04 அணிக்கு முதலிடம். அதில் விவாதம் இல்லை. 78 புள்ளியில் இரட்டைப் பட்டம் வென்ற 1997-98ஐவிட இந்த அணி உயர்ந்தது என்றே சொல்வேன். கோப்பையை மட்டும் பார்ப்பவர்கள் கோபப்படட்டும். சிக்கல் 2001-02இல்தான். அதற்கு 87 புள்ளி, 79 கோல். எண்களில் 2023-24 அதைத் தாண்டுகிறது, தடுப்பாட்டத்தில் தெளிவாகவே தாண்டுகிறது. ஆனால் அந்த அணி 38 லீக் ஆட்டங்களிலும் கோல் போட்டது, வெளியூரில் ஒரு முறையும் தோற்கவில்லை, பட்டத்தை ஓல்ட் டிராஃபோர்டிலேயே போய் முடித்தது. ஆர்டெட்டாவின் அணியை அதற்குக் கீழே, மூன்றாமிடத்தில் வைக்கிறேன்.