ஃபெல்லர் அவசரப்பட்ட வருடம்

பாப் ஃபெல்லரின் பெயர் வந்தாலே பேஸ்பால் ரசிகர்கள் ஒரு கூட்டல் கணக்கைப் போட்டுவிடுவார்கள். 1939 முதல் மூன்று சீசன்களில் 24, 27, 25 வெற்றிகள். இரண்டாம் உலகப் போர் முடிந்து முழுதாக ஆடிய 1946-இல் 26. நடுவில் போனவை ஏறக்குறைய நான்கு சீசன்கள். அவற்றையும் சேர்த்தால், 266-இல் நின்றுபோன அவருடைய மொத்த வெற்றிகள் 350-ஐத் தாண்டும். கணக்கில் பிழையில்லை. ஆனால் ஃபெல்லர் இழந்தது அந்த நான்கு சீசன்களை மட்டுமல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஐயோவா மாநிலத்தின் வான் மீட்டரைச் சேர்ந்த விவசாயி மகன். பையன் பந்து வீசிப் பழகத் தந்தை சொந்த நிலத்திலேயே மைதானம் அமைத்துக் கொடுத்தார். 1936-இல், 17 வயதில், கிளீவ்லண்ட் இண்டியன்ஸ் அணிக்கு முதல்முறையாகத் தொடக்க பிட்சராக இறங்கிய அன்றே, மட்டையாளரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றும் ‘ஸ்ட்ரைக் அவுட்’ 15. வேகம் அவருக்குக் கூடப் பிறந்தது. குறி தப்புவதும் அப்படியே. பந்து குறியை விட்டு விலகி, மட்டையாளரைச் சும்மாவே முதல் தளத்துக்கு அனுப்பும் ‘வாக்’ 1938-இல் மட்டும் 208.

1941 டிசம்பர் 7 அன்று, அடுத்த சீசன் ஒப்பந்தம் பேச சிகாகோவுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார். பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட செய்தி வானொலியில் வந்தது. தந்தை புற்றுநோயில் கிடந்தார். குடும்பம் மகனை நம்பியிருந்தது. படையில் சேராமல் இருக்கச் சட்டமே இடம் கொடுத்தது. இரண்டே நாளில் கடற்படையில் சேர்ந்தார். அந்த முடிவுக்காக அவர் கடைசிவரை வருந்தவில்லை. அந்த மனிதர் மேல் எனக்குள்ள மதிப்பில் பாதி அதற்குத்தான்.

அலபாமா போர்க்கப்பலில் 40 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கிக் குழுவுக்குத் தலைவர். முதலில் வட அட்லாண்டிக், பிறகு பசிபிக். கால் வலு குறையாதிருக்கக் கப்பலின் மேல்தளத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவார். கரை திரும்பியதும் கிரேட் லேக்ஸ் கடற்படைத் தள அணிக்கு ஆடினார். 1945 ஆகஸ்ட் 24-இல் கிளீவ்லண்டுக்கு மறுபடி வீச வந்தபோது எதிரே நின்றது, அந்த ஆண்டு உலகத் தொடரை வெல்லவிருந்த டெட்ராய்ட். 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து வென்றார்.

இனி 1946. போருக்கு முந்தைய கடைசி சீசனில் ஒன்பது இன்னிங்ஸுக்கு 5.1 வாக் கொடுத்தவர், இப்போது 3.7 தான் கொடுத்தார். ஸ்ட்ரைக் அவுட் 6.8-லிருந்து 8.4-க்கு ஏறியது. யாங்கி ஸ்டேடியத்தில், எதிரணிக்கு ஒரு ஹிட்கூட விடாத ஒரு நோ-ஹிட்டர். வாஷிங்டனில் ராணுவக் கருவி வைத்து அளந்தபோது வேகம் மணிக்கு 98.6 மைல். ஆக, திரும்பி வந்தவர் பழைய ஃபெல்லர் அல்ல, அவரைவிடத் தேர்ந்தவர். 23 முதல் 26 வயதுவரையிலான சீசன்களுக்குப் பழைய சராசரியைப் போட்டு நிரப்புவதே அவரைக் குறைத்து மதிப்பதுதான்.

அதே ஆண்டின் உழைப்பையும் பாருங்கள். 371 இன்னிங்ஸ், 36 ஆட்டங்களில் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை அவரே. அணியோ ஆறாமிடத்தில், 68 வெற்றிகளோடு. கோப்பைக்கு வழியே இல்லாத அணிக்கு ஒரு கை இவ்வளவு உழைத்தது ஏன்? ஒரே சீசனுக்கான சாதனையாக ரூப் வாடெல் என்ற பழைய பிட்சரின் 343 ஸ்ட்ரைக் அவுட்டே அன்று புத்தகங்களில் இருந்தது. ஃபெல்லர் 348 எடுத்தார். பின்னாளில் ஏடுகளைச் சரிபார்த்ததில் வாடெல்லின் எண்ணிக்கை 349 ஆனது. இதுவும் போதாதென்று, சீசன் முடிந்த கையோடு பிட்சர் சாச்செல் பெய்ஜின் அணிக்கு எதிராக ஊர் ஊராகக் காட்சி ஆட்டங்கள். விட்ட வருடங்களை ஒரே வருடத்தில் பிடித்துவிட நினைத்த அவசரம் அது. குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் இடத்தில் யாராக இருந்தாலும் அவசரப்பட்டிருப்பார்கள்.

ஆனால் கை கணக்குக் கேட்டது. 1947-இல் ஸ்ட்ரைக் அவுட் 196-ஆக இறங்கியது. மறு ஆண்டு 164. அந்த 1948-இல்தான் கிளீவ்லண்ட் உலகத் தொடருக்குப் போனது. பாஸ்டனில் முதல் ஆட்டம். ஃபெல்லர் விட்டது இரண்டே ஹிட். ஆனாலும் 0-1 தோல்வி. எதிரே வீசி வென்ற ஜானி செயினும் கடற்படையில் இருந்து திரும்பியவர்தான். ஐந்தாம் ஆட்டத்தில் கிளீவ்லண்டில் 86,000 பேருக்கு மேல் பார்த்திருக்க, பாஸ்டன் மட்டையாளர்கள் ஃபெல்லரை அடித்து நொறுக்கினார்கள். அடுத்த நாள் அவருடைய அணி கோப்பையை வென்றது. உலகத் தொடரில் ஃபெல்லர் பெயரில் ஒரு வெற்றிகூட இல்லை.