வழக்குரைஞனும் தூதுவனும்: வேதநாயகரின் உரைப்பகுதி ஒன்று குறித்த ஆய்வு

மாயூரம் வேதநாயகம் பிள்ளை இயற்றிய பிரதாப முதலியார் சரித்திரத்தில் (1879), ஞானாம்பாள் ஆணுடையில் விக்கிரமபுரியை ஆளும் பகுதியை ஒட்டித் தாய்மொழியின் சிறப்பைப் பற்றிய நெடிய உரை ஒன்று அமைந்துள்ளது. வழக்காளியும் தமிழர், வழக்குரைப்பவரும் தமிழர், வழக்கைக் கேட்பவரும் தமிழர் ஆகிய மன்றத்தில் ஆங்கிலத்தில் வாதிடுவோரை ஆசிரியர் அங்கே கடிந்துரைக்கின்றார். இப்பகுதியை அவரது தமிழ்ப்பற்றுக்குச் சான்றாகக் காட்டுவது நம் வகுப்பறைகளில் மரபாகிவிட்டது. அம்மரபு தவறென யாம் கூறவில்லை. ஆயினும் அப்பகுதி முதற்கண் மொழியைப் பற்றியது அன்று. ஒருவருக்காக மற்றொருவர் பேசும் தொழிலின் அறத்தைப் பற்றியது என்பது எம் கருத்து. அதனை நிறுவுதற்குச் சற்றுப் பின்சென்று தொடங்குதல் வேண்டும்.

தமிழிலக்கியத்தில் வழக்குரைக்கும் காட்சி புதிதன்று. எனினும் புகழ்பெற்ற அக்காட்சிகளில் வழக்குரைஞர் என ஒருவரைக் காண்டல் அரிது. பாண்டியன் அவையில் கண்ணகி தன் வழக்கைத் தானே உரைக்கின்றாள். சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்னும் ஒரே வினாவில் வழக்கு முடிந்துவிடுகின்றது. திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதிய வேதியர் உருவில் வந்த இறைவன் தன் வழக்கைத் தானே எடுத்துரைக்கின்றான். சுந்தரரும் தாமே மறுக்கின்றார். அவையத்தார் ஆட்சி, ஆவணம், காட்சி எனச் சான்றின் மூவகையை எடுத்துக் கூறுவதும், படியோலை கிழிபட்ட பின்னர் மூலவோலை வெளிப்படுவதும், கையெழுத்து ஒப்புநோக்கப்படுவதும் சேக்கிழாரின் நீதிமுறை அறிவுக்கு நற்சான்றுகள். ஓலையைக் கிழித்த குற்றமும் அங்கே கட்சிக்காரருடையதே; அவர் பொருட்டு வேறொருவர் நாணவேண்டிய நிலை எழவில்லை. இக்காட்சிகளில் அறத்தின் பொறை நடுவர் மீதும் சான்றோர் மீதும் வழக்காளி மீதும் மட்டுமே சுமத்தப்பட்டுள்ளது. பிறர் வழக்கைத் தன் வாயால் உரைப்பவனுக்கு உரிய அறம் யாது என்னும் வினாவுக்கு இவற்றில் இடமே இல்லை.

அவ்வினாவுக்குச் சிலர் திருக்குறளின் சொல்வன்மை, அவையறிதல் ஆகிய அதிகாரங்களை விடையாகக் காட்டுவர். அவை பேசுந்திறனைக் கூறுவன; பிறர்பொருட்டுப் பேசும் கடமையைக் கூறுவன அல்ல. அக்கடமையை நேரே ஆராய்ந்த அதிகாரம் தூது என்பதே. இவ்வொப்புமை எம் கற்பனை அன்று. நீதிமன்றத்தில் வாதிடுவோரைக் குறித்து நாம் வழங்கிய வக்கீல் என்னும் சொல், பதினெட்டாம் நூற்றாண்டில் ஓர் அரசு மற்றோர் அரசிடம் நிறுத்திய பதிலாளரைக் குறித்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அப்பொருளில் அச்சொல் பயில்கின்றது. தூதுவனைக் குறித்த சொல்லே மன்றத்தினுள் புகுந்து வழக்குரைஞனுக்கு ஆயிற்று. (பேச்சு வழக்கில் 'வக்காலத்து வாங்குதல்' என்பது கேளாமலே பிறருக்குப் பரிந்து பேசுதலை இகழும் தொடராகிவிட்டமை தனியே ஆராயத்தக்கது.)

பரிமேலழகர் தூதுவரைத் தான் வகுத்துக் கூறுவான் எனவும் கூறியது கூறுவான் எனவும் பகுத்து, அதிகாரத்தின் இறுதி மூன்று குறட்பாக்களைப் பின்னவனுக்கு உரியவாக்குவர். வாய்மை, வடுப்படும் சொல் வாய்சோராமை, தனக்கு இறுதி வரினும் தன்னை விடுத்தவனுக்கு நன்மை குன்றாமல் செய்தல் ஆகிய மூன்றும் அக்குறட்பாக்களில் கூறப்படுவன.

இனி, 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டத்தின்கீழ் இந்தியப் பார் கவுன்சில் வகுத்த ஒழுக்க விதிகளை நோக்குவோம். வழக்கறிஞர் தம்மைக் கட்சிக்காரரின் வெறும் ஊதுகுழலாகக் கருதுதல் கூடாது என்கின்றது ஒரு விதி. அஃதாவது அவர் கூறியது கூறுவானாக நின்றுவிடலாகாது. வகுத்துக் கூறுவானாகவும் இருத்தல் வேண்டும். தமக்கு நேரும் இன்னலைப் பொருட்படுத்தாது, நேரிய வழிகள் அனைத்தாலும் கட்சிக்காரரின் நலனை அஞ்சாமல் காத்தல் வேண்டும் என்கின்றது மற்றொரு விதி. 690ஆம் குறளைக் கற்றவர்க்கு இதன் ஓசை பழகியதாகவே தோன்றும். இவ்விதிகள் ஆங்கிலேய வழக்கறிஞர் மரபிலிருந்து வந்தவை. வள்ளுவத்திலிருந்து வந்தவை என யாம் கூறத் துணியோம். எல்லாவற்றையும் முன்னரே கூறிவிட்டோம் என்னும் பெருமிதம் ஆராய்ச்சிக்கு ஆகாது. ஒரே இக்கட்டை எதிர்கொண்ட இரு மரபுகள் ஒரே விடையின் அருகே சென்றன என்பது மட்டுமே எம் கூற்று.

ஒப்புமை முறியும் இடமும் உண்டு. தூதுவனுக்குத் தலைவன் ஒருவனே. வழக்கறிஞருக்கோ இருவர்: கட்சிக்காரர் ஒருபுறம், நீதிமன்றம் மறுபுறம். தூதுவன் பேசுவது மாற்றரசனிடம். வழக்கறிஞர் பேசுவது தாம் பொய்யுரைக்கக் கடவர் அல்லாத நடுவரிடம். கட்சிக்காரர் தம் குற்றத்தைத் தனிமையில் ஒப்புக்கொண்டுவிட்டால் இவர் செய்யத்தக்கது யாது? அதனை வெளியிடுதல் கூடாது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 126ஆம் பிரிவில் அம்மறைபொருளைக் காத்தது. 2024 சூலையில் அதன் இடத்தைப் பெற்ற புதிய சட்டமும் காக்கின்றது. இனிச் செய்யவிருக்கும் குற்றத்திற்குத் துணை நாடிக் கூறியதற்கு அக்காப்பு இல்லை. குற்றம் செய்யவில்லை என்று தாமறிந்த பொய்ச்சான்றை அவையேற்றுதலும் கூடாது. எஞ்சுவது ஒன்றே: எதிர்த்தரப்பின் மெய்ப்பு சட்டத்தின் அளவை எட்டியுள்ளதா என உரசிப் பார்த்தல். கூறாமை வேறு, பொய் கூறுதல் வேறு என்னும் நுண்ணிய கோட்டின்மேல் நடக்கும் தொழில் இது. தூது அதிகாரம் இவ்விடத்திற்கு வழிகாட்டவில்லை. காட்டுவதாக வலிந்து பொருள் கொள்ளுதலும் தகாது.

வேதநாயகரிடம் மீள்வோம். அவர் நீதிமன்ற ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து பின்னர் மாவட்ட முன்சீப் ஆனவர். சதர் அதாலத்து மன்றத்தின் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துச் சித்தாந்த சங்கிரகம் என 1862இல் வெளியிட்டார். நாவல் தோன்றுவதற்குப் பதினேழு ஆண்டுகள் முந்தியது அந்நூல். தமிழின் இனிமையைக் காட்டுதற்குத் தீர்ப்புத் தொகுதியை எவரும் மொழிபெயர்ப்பதில்லை. தன்னைக் கட்டுப்படுத்தும் சட்டம் யாதென ஆங்கிலம் அறியாதவனும் அறிதல் வேண்டும் என்பதே அம்முயற்சியின் நோக்கமாதல் வேண்டும். அந்நோக்கத்தை வைத்து நாவற்பகுதியைப் படிப்பின் அதன் சினம் வேறு நிறம் கொள்கின்றது. தன் நிலத்தைப் பற்றிய வாதத்தைத் தான் விளங்கிக்கொள்ளாமல் நிற்கின்றான் கட்சிக்காரன். தன் பெயரால் கூறப்படுவது தான் கூறச் சொன்னதுதானா என்று அவனால் அறியமுடியாது. தூதுவன் உரைத்ததை விடுத்தவன் அறியவியலாத நிலையில் கூறியது கூறுவானும் இல்லை, வகுத்துக் கூறுவானும் இல்லை. தனக்கெனப் பேசுவான் ஒருவனே உளன். மொழிப்பற்று என்னும் தலைப்பில் இப்பகுதியை அடக்கிவிட்டால் இக்குற்றச்சாட்டு மறைந்துபோகின்றது.

கட்டணம் வரவில்லை எனக் கட்சிக்காரரின் வழக்குத் தாள்களை வழக்கறிஞர் நிறுத்திவைக்க உரிமையில்லை என உச்ச நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. தாள் கட்சிக்காரருடையது எனின், அவருக்காக உரைக்கப்படும் சொல் யாருடையது என்பதே வேதநாயகர் எழுப்பிய வினா. அரசியலமைப்பின் 348ஆம் உறுப்பு உயர் நீதிமன்ற நடவடிக்கைகளுக்கு ஆங்கிலத்தையே பொதுவிதியாக வைத்துள்ளமையின் அவ்வினா பழங்கதையாகிவிடவில்லை.

இத்துணையும் கூறிய பின்னர் அவரது குறையையும் கூறுதல் கடன். இப்பகுதியில் வேதநாயகர் வழக்குரைஞரைக் காண்பது நடுவரின் இருக்கையிலிருந்து. அவ்விருக்கையிலிருந்து நோக்குவோர்க்கு விளங்காத வாதம் தெரியும். ஊரே வெறுக்கும் ஒருவனுக்காக எழுந்து நிற்பவனின் தனிமை தெரியாது. குற்றம் சாட்டப்பட்டோர்க்காக வாதிடுவதில்லை என வழக்கறிஞர் சங்கங்கள் இயற்றும் தீர்மானங்கள் செல்லாதவை என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் கூற நேர்ந்தது. ஒருவனது குற்றத்தைப் பற்றித் தமக்குள்ள கருத்து எதுவாயினும் அவனுக்காக வாதிடுதல் கடமை என்னும் விதி ஏட்டில் இருந்தும் அவ்வாறு கூறவேண்டியதாயிற்று. அத்தகைய வழக்குரைஞன் ஒருவனை ஞானாம்பாளின் அவையில் யாம் தேடினோம், காணவில்லை.