அப்பாவின் கடனும் மகனின் கையெழுத்தும்

அப்பா பட்ட கடனை மகன் தீர்க்க வேண்டும் என்பது பாக்கு நீரிணையின் இரு கரையிலும் ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. இந்துச் சட்டம் அதை மகனின் புண்ணியக் கடமையாகக் கருதியது. யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரர் 1707இல் தொகுப்பித்த தேசவழமைச் சட்டம் இன்னும் கடுமையானது. பெற்றோர் எதுவும் விட்டுப்போகாவிட்டாலும் அவர்களின் கடனுக்கு ஆண்மக்களே பொறுப்பு என்றது.

இன்று அப்படி இல்லை. இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தத்துக்குப் பின் பட்ட கடனுக்குப் புண்ணியக் கடமையைக் காட்டி மகன்மேல் வழக்குப் போட முடியாது. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் கடன் வாரிசைத் தொடும். இலங்கையிலும் கடன் கொடுத்தவர் கை வைக்கக்கூடியது இறந்தவரின் ஆதனத்தில்தான்.

கூட்டு வணிகத்திலும் இதே நிலைதான். இந்தியாவில் 1932ஆம் ஆண்டுச் சட்டம், இலங்கையில் இங்கிலாந்தின் 1890ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டின்படியும் பங்காளியின் மகன் தானாகப் பங்காளி ஆவதில்லை. விரும்பிச் சேர்ந்தாலும் முந்தைய கடன் அவரைச் சேராது. சேர்ந்தபின் ஏறும் கடனுக்குத்தான் சொந்த வீடுவரை பொறுப்பு.

பிறகு எப்படி அப்பாவின் கடன் மகன் தலையில் விழுகிறது? கடையின் வங்கி ஓவர் டிராஃப்டைப் புதுப்பிக்கும் நாளில் விழுகிறது. கடை ஓட வேண்டும், சரக்கு வர வேண்டும், குடும்பப் பெயர் கெடக் கூடாது. வங்கி நீட்டும் ஜாமீன் பத்திரத்தில் மகன் கையெழுத்துப் போடுகிறார். பழைய நிலுவையும் அதற்குள் அடங்கிவிடுகிறது. கடையைப் பிரைவேட் லிமிடெட் ஆக்கினாலும் இந்தக் கையெழுத்து அவரை விடாது.

கையெழுத்துக்குப் பின் இரு நாடுகளும் வேறு வழிகளில் போகின்றன. இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி, கடன் கட்டத் தவறினால் வங்கி 60 நாள் நோட்டீஸ் தந்து அடமானச் சொத்தைக் கைப்பற்றலாம். எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இலங்கையில் 1990இன் 4ஆம் இலக்கச் சட்டம், மக்கள் வழக்கில் பரேட் சட்டம், நீதிமன்றம் போகாமலே இயக்குநர் சபைத் தீர்மானத்தால் அடமானத்தை ஏலம் விட வங்கிக்கு இடம் தருகிறது. பொருளாதார நெருக்கடியில் சிறு தொழில்கள் சரிந்தபோது, 2024இல் அரசு அதைச் சில காலம் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

நொடித்துப்போனவர் மீண்டு எழும் வழி இரு நாட்டிலும் பழையது. கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களை மட்டும் இந்தியா 2019 டிசம்பரில் புதிய திவால் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. சாதாரணக் கடைக்காரருக்கோ சென்னையில் 1909ஆம் ஆண்டுச் சட்டம், மதுரையில் 1920ஆம் ஆண்டுச் சட்டம். இலங்கையில் 1853ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம்.

பிறப்பால் வந்த சுமையைச் சட்டம் இறக்கிவிட்டது. ஜாமீனால் ஏறும் சுமைக்குச் சாதாரணக் கடைக்காரருக்குப் புதிய வழி காட்டவில்லை. அது வரும்வரை கடைக்கு வாரிசானவர் பேனாவை எடுக்குமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: அப்பாவின் சொத்தையும் கடனையும் தனிக் கணக்காக எழுதி, பழையதை அந்தச் சொத்திலிருந்தே தீர்ப்பது. மிஞ்சினால் கடையை நடத்தலாம். மிஞ்சாவிட்டால் மூடுவதில் மானக்கேடு இல்லை.