பதினாலு வயதுப் பாரதியும் நம் பிள்ளைகளின் பள்ளிக் கவிதைகளும்

பள்ளியில் படிக்கும் பிள்ளை கவிதை எழுதினால் 'பேஷ், பேஷ்' என்று தட்டிக்கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். இல்லாவிட்டால் 'படிக்கிற வயசில் இதெல்லாம் எதுக்கு?' என்று அதட்டுகிறோம். எழுதியதை உட்கார்ந்து வாசிக்கிறவர் குறைவு.

பாரதியையே எடுத்துக்கொள்வோம். 1897 ஜனவரியில் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு அவர் செய்யுளில் ஒரு விண்ணப்பம் எழுதினார். வயது பதினாலு. படிப்பைத் தொடர உதவி வேண்டும் என்பதுதான் விஷயம். கவிதை என்று பார்த்தால் பாரதியின் பேர் சொல்லும் பாட்டு அல்ல. புரவலரைப் புகழ்ந்து குறையைச் சொல்லும் பழைய புலவர் வழிதான். ஆனால் படிப்பு நின்றுவிடுமோ என்று கலங்குகிற பையன் ஜமீன்தாரிடம் வேறு எப்படிப் பேசுவான்? நேரே கேட்கக் கூச்சம். மரபு கைகொடுக்கிறது.

அடுத்த ஆண்டே தகப்பனார் காலமானார். பையன் காசிக்கு, அத்தை வீட்டுக்குப் போனான். (ஆமாம், 1902 வரை அவரும் நம்மைப்போல வெளிமாநிலத் தமிழர்தான்!)

அதே பருவத்தை 1910இல் வெளிவந்த 'ஸ்வசரிதை'யில் திரும்பிப் பார்க்கிறார். சிறுவயதுக் காதல், மனசுக்கு ஒட்டாத ஆங்கிலப் படிப்பு, பால்ய விவாகம், பொருளிழந்து நொடித்த தந்தை, எல்லாம் வருகின்றன. எந்தப் படிப்புக்காகப் பதினாலில் கைநீட்டினாரோ, அந்த ஆங்கிலப் படிப்பால் தமக்கு நன்மையே இல்லை என்று இங்கே கொதிக்கிறார். இது முரண்பாடு அல்ல. பெரியவர் முன் நிற்கிற பையனுக்கு வாயில் வராதது, புதுச்சேரியில் இருபத்தேழு வயதுக்காரருக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். 'ஸ்வசரிதை'யைப் படித்தபின் விண்ணப்பத்துக்குத் திரும்பினால், அந்தப் புகழுரைக்கு அடியில் ஒரு பயம் இருப்பது தெரிகிறது. எனக்கு அப்படித்தான் படுகிறது.

நம் பிள்ளைகளுக்கு ஜமீன்தார் இல்லை. போட்டித் தலைப்பு இருக்கிறது. 'தமிழின் பெருமை' என்று கொடுத்துவிட்டால் அவர்களும் பாவம், என்னதான் செய்வார்கள்? ஒரு போட்டிக்கு வந்த பத்தாம் வகுப்பு மாணவியின் கவிதை என் பார்வைக்கும் வந்தது. அப்பாவுக்கு மாற்றல், மூணாவது ஸ்கூல். புது வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும் ஆசிரியை இவள் பெயரை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக உடைக்கிறார். ஒரு மாதம் போனதும், திருத்துவதை விட்டுவிட்டு எந்தப் பெயருக்கும் 'பிரசன்ட்' சொல்லப் பழகிவிடுகிறாள். ரகர றகரக் குழப்பம் ஏகப்பட்டது. நடுவில் இரண்டு பத்திகள் வெறும் புலம்பல், வெட்டியிருக்கலாம். ஆனாலும் அந்த 'பிரசன்ட்' நிஜமான கவிதை. பெரியவர்களில் பலபேருக்குக் கைவராத அடக்கம் அதில் இருக்கிறது.

கடைசியில் சம்பந்தமே இல்லாமல் நாலு வரி: கல்தோன்றி மண்தோன்றாக் காலம், செம்மொழி, தமிழ் வாழ்க. தலைப்புக்காகச் சேர்த்தாளோ, வீட்டில் யாராவது சொல்லிச் சேர்த்தாளோ. ஆறுதல் பரிசு கிடைத்தது. நடுவர் குறிப்பில் பாராட்டப்பட்டிருந்தவை அந்தக் கடைசி நாலு வரிகள்.