கந்தலும் பனுவலும்: பிள்ளைக்குத் தைத்த விரிப்பு பற்றிச் சில குறிப்புகள்

சென்ற ஆண்டு சென்னையில் ஒரு கைவினைக் கண்காட்சியில் பீகாரின் சுஜனித் துணி ஒன்றைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண், பக்கத்தில் ஸ்கேன் இயந்திரம், வாசலில் மாமியாரும் புருஷனும். பெண்கருவை அழிப்பது பற்றிய படம். உருவங்களின் கோடுகள் கறுப்புச் சங்கிலித் தையலில். மீதி இடமெல்லாம் துணியின் நிறத்திலேயே நெருக்கமான ஓட்டுத்தையல். கூட வந்த இயக்கத் தோழர், "இதுதாங்க அடித்தட்டுப் பெண்ணோட பிரதி" என்றார். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்தபிறகு அந்தத் தலையாட்டல் உறுத்தத் தொடங்கியது.

சுஜனி ஆதியில் படம் காட்டுவதற்காகத் தைக்கப்பட்டதல்ல. பிறந்த பிள்ளையைச் சுற்றிக் கிடத்துவதற்காகத் தைக்கப்பட்டது. உடுத்தி நைந்த சேலை, வேட்டித் துண்டுகளை அடுக்கி, ஓட்டுத்தையலால் இணைத்து, வீட்டுக்கு வரும் சிசுவுக்குப் பெண்கள் கொடுத்த வரிசை அது. பெயரையே 'சு', 'ஜனி' என்று பிரித்து, சுகமான பிறப்பு எனப் பொருள் சொல்வதுண்டு. கந்தல்களை ஒன்றுசேர்த்தால் கந்தல்களின் தாயான சிதிரியா மா பிள்ளையோடு இருப்பாள் என்பது நம்பிக்கை. (நம்முடைய 'சிதார்' என்ற சொல்லோடு ஒலி ஒத்துப்போகிறதே என்று வேர்ச்சொல் தேடக் கிளம்பும் நண்பர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.) 1980களின் கடைசியில் முசாபர்பூர் மாவட்டத்துப் பூசுரா கிராமத்தில் சுஜனி வருமானத் தொழிலாக மறுபடி உயிர்பெற்றது. வரதட்சணை, குடி, தேர்தல், கருவழிப்பு எல்லாம் தையலுக்குள் வந்தன. அதில் முன்னின்ற நிர்மலா தேவிக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இந்த மறுபிறப்பில் இரண்டு இடமாற்றங்கள் நடந்தன. பழந்துணி போய்ப் புதுத்துணி வந்தது. பிள்ளை போய் வாடிக்கையாளர் வந்தார்.

பணம் வந்ததால் கலை கெட்டுப்போச்சு என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது மாதச் சம்பளம் வாங்குகிறவர்களின் சொகுசு. பேரப்பிள்ளைக்குத் தைத்த விரிப்புக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை. பூசுராவில் கூலி கிடைக்கிறது, அந்தக் கூலியில் பெண்களுக்கு வீட்டில் ஒரு சொல் கிடைக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, பெரிய காரியம்தான். என் தகராறு அவர்களோடு இல்லை, நம்மோடு. நமக்குப் படத்தை வாசிக்கத் தெரிகிறது, துணியை வாசிக்கத் தெரியவில்லை. படம் கதையாகிறது, கதை அரசியலாகிறது, அரசியல் கட்டுரையாகிவிடுகிறது. ஸ்கேன் இயந்திரம் தைத்திருந்தால்தான் அதை 'எதிர்ப்பு' என்கிறோம். பிள்ளையின் முதுகுக்குக் கீழே கிடந்து மூத்திரத்தில் ஊறிய பழைய சுஜனி அதே பிள்ளையை 'வா' என்று சொன்னதே, அது எந்தக் கணக்கில் வரும்? பெண் பிள்ளைக்கும் ஒருத்தி உட்கார்ந்து தைத்தாள் என்றால், அந்த வீட்டில் அது சின்ன விஷயமா?

பிள்ளைக்குத் தைத்த விரிப்பு ஒரு விசித்திரமான பிரதி. அதில் கையெழுத்து கிடையாது. அதன் முதல் வாசகனுக்கு வாசிக்கத் தெரியாது; வாசிக்கத் தெரிகிற வயதில் விரிப்பு கிழிந்திருக்கும். 'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்று பத்து வருஷம் மேற்கோள் காட்டித் திரிந்த நமக்கு, ஆசிரியப் பெயரே வைத்துக்கொள்ளாத ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தது கண்ணில் படவில்லை.

ஐரோப்பாவிலும் கதை வேறு மாதிரி இல்லை. உக்ரைனில் பிறந்து பீட்டர்ஸ்பர்கில் வளர்ந்த ஓவியர் சோனியா தெலோனே 1911இல் பாரிசில், கைக்குழந்தையாயிருந்த மகன் சார்லுக்காகத் துண்டுத்துணிகளை இணைத்து ஒரு போர்வை தைத்தார். ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம், அவ்வளவுதான். குடியானவர் வீடுகளில் தான் பார்த்த போர்வைகள் மாதிரி செய்ய நினைத்ததாகவும், முடித்தபின் அந்தத் துண்டுகளின் அடுக்கில் க்யூபிசத்தின் சாயல் தெரிந்ததாகவும் அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். இன்று அது பாரிசின் நவீன ஓவிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் 'மகனுக்காகத் தைத்தது' என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அரூப ஓவியத்தின் தொடக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளை அங்கே ஒரு முன்னுரை மட்டும். அந்தக் குடியானவப் பெண்கள் முன்னுரைகூட இல்லை. அவர்கள் தைத்தால் போர்வை, சோனியா தைத்தால் கலை. சோனியாவைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கே பார்த்துக் கற்றேன் என்பதை அவர் மறைக்கவில்லை; கேட்டவர்கள்தான் பாதியோடு காதை மூடிக்கொண்டார்கள்.

சரி, நம்ம மரபு என்ன சொல்கிறது? எம்.ஏ.யில் பொருநராற்றுப்படையை நடத்திய பேராசிரியர் கரிகாலனின் கொடையை உருகி உருகிச் சொல்வார். வறுமையில் வந்த பொருநன் மேல் ஒட்டுப்போட்ட கந்தல். ஈரும் பேனும் குடியிருக்கும், வேர்வையில் நனைந்த, வேற்று நூல் ஓடிய துணி. அரசன் அதைக் களைந்துவிட்டுப் பாம்புச் சட்டை போல மெல்லிய புதுத்துணி கொடுக்கிறான். கொடை என்றால் கந்தலை அகற்றுவது. அந்த ஒட்டுகளைப் போட்டது யார் என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நன்னூலுக்கு வாருங்கள். பவணந்தியார் நூல் இயற்றுவதை நூல் நூற்பதோடு ஒப்பிடுகிறார். சொல் பஞ்சு, புலவன் நூற்கும் பெண், அவன் வாய் அவள் கை. பெண்ணின் வேலையைப் புலவனுக்கு உவமையாக எடுத்துக்கொண்டு, பெண்ணை உவமையோடு நிறுத்திவிடுகிற சாமர்த்தியம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பஞ்சு புதுப் பஞ்சு என்பதைக் கவனிக்க வேண்டும். 'பனுவல்' என்ற சொல்லே பஞ்சிலிருந்து புத்தகத்துக்கு ஏறியது. ஏற்கெனவே நெய்து, உடுத்தி, வியர்த்து, கிழிந்ததை எடுத்து இன்னொன்று செய்வதற்கு நம்மிடம் இலக்கணம் இல்லை. நம் கவிதையியல் முழுக்கப் புது நூலின் கவிதையியல்.

இதையெல்லாம் எழுதுகிற யோக்கியதை எனக்கு உண்டா என்பது வேறு கேள்வி. நாலு வருஷத்துக்கு முன்னால் என் மகள் பிறந்தபோது ஊரில் அப்பத்தா ஒரு விரிப்பு தைத்தாள். திண்ணையில் பழைய சேலைகளை நாலு மடிப்பாக விரித்து, மூலைக்கொரு கனமாகக் குழவியும் படியும் வைத்து, ஓரத்தை முதலில் ஓட்டிவிட்டு, பிறகு வரிசை வரிசையாகத் தைத்தாள். வரிசை நெருக்கமாக இல்லாவிட்டால் துவைக்கும்போது உள்துணி சுருண்டு ஒரு மூலைக்குப் போய்விடுமாம். கடையில் புதுத்துணி வாங்கித் தருகிறேன் என்றேன். "புதுத்துணி பிள்ளை மேல உறுத்தும்டா. நாலு பேரு உடுத்தி நைஞ்சதுதான் பஞ்சு மாதிரி இருக்கும்" என்றாள். மேல்பக்கத்து ஒட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னாள்: இது தாத்தா வேட்டி, இது உங்கம்மா கல்யாணத்துக்கு மறுவருஷம் எடுத்தது, இது சின்னத்தா சேலை. ஓரத்தில் உள்ளங்கை அகலத்தில் மஞ்சள் துண்டு ஒன்று இருந்தது.

"இது யாரோடது அப்பத்தா?"

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "அதுவும் இந்த வீட்டுப் பிள்ளையோடதுதான்" என்றாள். என் அப்பாவுக்குக் கூடப்பிறந்த பெண்கள் யாரும் இருந்ததாக வீட்டில் பேச்சே இல்லை.

எங்கள் ஊர் உசிலம்பட்டியிலிருந்து தொலைவில்லை. பெண்சிசுக் கொலை என்ற பேரில் 1980களில் பத்திரிகைகள் எங்கள் பக்கத்தை எப்படி எழுதின என்பதும், 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததும் வாசகர்களுக்குத் தெரியும். ஆகவே அந்த மஞ்சள் துண்டை வைத்து ஒரு கட்டுரை எழுதிவிட என் கை துறுதுறுத்தது என்பதை மறைக்க மாட்டேன். மௌனத்தை வாசிப்பது நமக்குக் கைவந்த கலையாச்சே. ஆனால் காய்ச்சலில் போன பிள்ளையாகவும் இருக்கலாம். அப்பாவிடம் நான் கேட்கவில்லை. அப்பத்தா போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். அந்தத் துண்டை எங்கே, எதற்குள், எத்தனை வருஷம் வைத்திருந்தாள் என்பதுகூட எனக்குத் தெரியாது. அவள் அதை எனக்குச் சொல்லவில்லை, பிள்ளைக்குக் கொடுத்தாள். சட்டமிட்ட சுஜனியின் ஸ்கேன் இயந்திரத்தை ஒரே பார்வையில் வாசித்துவிட்ட என்னால் இதை வாசிக்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். விரிப்பு நகரத்துக்கு வந்தபோது, பரிசாக வந்த இளஞ்சிவப்புக் கடைப் போர்வைகளுக்குப் பக்கத்தில் அழுக்காகத் தெரிகிறதென்று நானும் மனைவியும் அதைப் பரணில் போட்டுவிட்டோம். இரண்டு வருஷம் அங்கேதான் கிடந்தது. பொங்கலுக்குச் சுத்தம் செய்தபோது மகள்தான் இழுத்து எடுத்தாள். இப்போது அது இல்லாமல் தூங்குவதில்லை. வீடு முழுக்க இழுத்துக்கொண்டு திரிகிறாள். மஞ்சள் துண்டின் ஒரு பக்கம் தையல் விட்டுவிட்டது. அம்மா வந்திருந்தபோது, "ஊசி இருந்தா குடு, ஓட்டித் தாரேன்" என்றாள். வீட்டில் ஊசி இல்லை.